ராத்துவை யார் கவிழ்ப்பது?

பதினோராம் எண் ஜெர்சி தன்னை விட்டுப் போய்விட்டது என்பதை அபிசாய் வானொலியில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டான்.

அப்போது அவன் வாசலில் உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான். செய்தி வாசித்தவர், புயல் திசை மாறிவிட்டது என்றார். சர்க்கரை ஆலை மறுபடியும் திறக்கப்படும் என்றார். அதே குரலில், "சனிக்கிழமை நியூசிலாந்திலிருந்து வரும் அணியை எதிர்த்து நாகோரோ ஊர் அணி ஆடும் ரக்பி பந்தயத்தில், இடது ஓர ஆட்டக்காரராக மாண்புமிகு விளையாட்டுத் துறை அமைச்சர் ராத்து கினிவிலியாமே அவர்களே களமிறங்குவார்" என்றார். கத்தி கிழங்கை விட்டுவிட்டு விரலில் இறங்கியது.

இடது ஓரம் என்றால் பதினொன்று. பதினொன்று என்றால் அபிசாய். நாகோரோவில் இது கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும்.

வேறு எந்தச் சனிக்கிழமையாக இருந்தாலும் சிரித்துவிட்டுப் போயிருப்பான். இந்தச் சனிக்கிழமை பிரான்ஸிலிருந்து கஸ்தான் என்பவர் வருகிறார். ஒரு பெரிய கிளப்புக்கு ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடிப்பது அவர் வேலை. அபிசாய் ஓடுவதை யாரோ கைப்பேசியில் எடுத்து அனுப்பியிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு, நேரில் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று அத்தனை கடலையும் தாண்டி வருகிறார். அபிசாய்க்கு முப்பத்தொரு வயது. இன்னொரு பிரெஞ்சுக்காரர் தேடிக்கொண்டு வருகிற வயதா அது?

விரலைச் சப்பிக்கொண்டே பயிற்சியாளர் வெரெனிக்கியின் வீட்டுக்கு ஓடினான். வெரெனிக்கி அவனுக்குத் தாய்மாமன். ராணுவத்தில் சார்ஜன்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பாயில் சம்மணமிட்டு, யங்கோனா வேர்ப்பொடியைக் குடிக்கக் கரைத்த மரத்தொட்டிக்கு முன்னால் வாட்டமாக உட்கார்ந்திருந்தார்.

"மாமா, ரேடியோவுல சொன்னது நெசமா?"

"முதல்ல குடி." சிரட்டையை நீட்டினார். "நெசந்தான். நேத்து கூப்பிட்டு விட்டார். 'வெரெனிக்கி, தேர்தல் வருது, நான் ஓடறத ஜனங்க பாக்கணும்'னார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்ல? கை தட்டினேன்."

பெரியவர் பேசி முடித்ததும் உள்ளங்கையைக் குவித்துத் தட்டிவிட்டால் அது சம்மதம். அதற்கப்புறம் பேச்சே கிடையாது. அதிலும் வெரெனிக்கியின் நிலைமை இன்னும் மோசம். ராத்து என்றால் பெருந்தலைவர்; மேடையில் எவ்வளவு பேசினாலும், வழக்கு என்று வந்தால் சபையில் வாய் திறக்க மாட்டார். அவருக்காகப் பேசுவது வழிவழியாக வெரெனிக்கியின் குடும்பம். ராத்துவின் வாயே ராத்துவை எதிர்த்துப் பேசினால் எப்படி இருக்கும்?

"அந்த ஆளுக்கு ஓடவே தெரியாதே மாமா!"

"மெதுவாப் பேசுடா. சுவர் மூங்கில்."

அந்த நாட்டில் அரசியலுக்கு வருகிறவன் ரக்பி ஆடியிருக்க வேண்டும். ஆடாதவன் ஆண்பிள்ளைதானா என்று வாக்காளர்களுக்குச் சந்தேகம் வந்துவிடும். வெள்ளைக்காரன் விட்டுப்போன நாடாளுமன்றத்தை அவர்கள் கொஞ்சம் முன்னே பின்னே நடத்தினாலும், அவன் விட்டுப்போன ரக்பியை மட்டும் சுத்தமாக நடத்தினார்கள். அமைச்சரவையின் குழுப் படத்தைப் பார்த்தால் நேரான மூக்கு ஒன்றுகூடத் தேறாது. நிதியமைச்சரின் மூக்கு இடப்பக்கம், மீன்வளத்தின் மூக்கு வலப்பக்கம், பிரதமரின் மூக்கு இரண்டு பக்கமும்.

ராத்து கினிவிலியாமேயின் மூக்கு மட்டும் அளவுகோல் வைத்துக் கிழித்ததுபோல நேராக இருந்தது. கூட்டங்களில் அதைத் தொட்டுக்காட்டி, "ஏன் தெரியுமா? என்னைய ஒருத்தனாலயும் பிடிக்க முடிஞ்சதில்ல" என்பார். தேர்தல் சுவரொட்டியிலும் அதுதான்: பந்தை இடுக்கிக்கொண்டு ராத்து, கீழே கொட்டை எழுத்தில் 'இவரை யாரும் வீழ்த்த முடியாது!'

சொன்னதில் பொய்யில்லை. காரணம்தான் வேறு. பெருந்தலைவர் ஒருவரின் தலையில் பிறர் கை படக்கூடாது. அவர் பக்கத்தில் அவரைவிட உயரமாக நிற்கக்கூடாது. அவரைக் கடந்து போவதென்றால் குனிந்து, "திலோ, திலோ" என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போகவேண்டும். ஆகவே ராத்து பந்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்தால், இடுப்பைப் பிடித்துக் கவிழ்க்க வேண்டிய எதிரணி வரிசையாகக் குந்திவிடும். "திலோ... திலோ..." என்ற முணுமுணுப்புக்கு நடுவே ராத்து தொப்பையோடு நடைக்கும் ஓட்டத்துக்கும் இடைப்பட்ட ஒரு வேகத்தில் போய், கோட்டுக்கு அப்பால் பந்தை வைப்பார். எதிரணியும் சேர்ந்து கை தட்டும். ஒரு தடவை பந்தையே எடுக்க மறந்து ஓடிப்போய்க் கோட்டில் விழுந்தார். கரும்புத் தோட்டத்துக்கு வந்த தமிழர் வழிவந்த நடுவர் கவுண்டர் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு பந்தைத் தாமே எடுத்துக்கொண்டு போய், குனிந்து, ராத்துவின் கையில் கொடுத்துவிட்டு விசிலை ஊதினார்.

இப்படி இருபது வருடம் போனால் யாருக்குத்தான் நம்பிக்கை வராது?

"எனக்கு உன்னப்பத்திக்கூட கவலை இல்ல அபிசாய்," என்றார் வெரெனிக்கி. "வர்ற அணி யாரு தெரியுமா? ஆட்டுப்பண்ணைக்காரனுங்க. காலையில எந்திரிச்சா கொழுத்த கடாவா பாத்துப் பிடிச்சு, மல்லாக்கப் போட்டு, ரோமம் கத்தரிக்கிறதுதான் தொழில். அவனுங்க கண்ணுக்கு நம்ம ராத்து எப்படித் தெரிவாருன்னு நினைக்கிற?"

அபிசாய் நினைத்துப் பார்த்தான். சிரட்டையைக் கீழே வைத்தான்.

"யாராச்சும் அவருக்கு முன்னாடியே புரிய வைக்கணும் மாமா. பயிற்சியில ஒரு தடவ, மெதுவா, நோகாம கவுத்துவிட்டாக்கூடப் போதும்."

"யாரு கவுக்கறது? நீயா?"

அபிசாயும் மாமாவைப் போலவே கையைக் குவித்துத் தட்டிப் பேச்சை முடித்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்ததும் அவன் மனைவி மெரேசெய்னியிடம் புலம்பினான். அவள் சந்தையில் சேப்பங்கிழங்கு மூட்டை இறக்குகிறவள். ஒரு தோளில் ஒன்று, மறு தோளில் இன்னொன்று, பல்லில் கடித்துக்கொண்டு கிழங்குக்கட்டு. மாலையில் பெண்கள் ரக்பி அணிக்குத் தலைவி. அவள் அணிக்கு மைதானம் கிடையாது. போன வருடம் மைதானத்தைத் திறந்துவைத்த ராத்து, "இந்தப் புல்லு ஆம்பளைங்க வேர்வைக்கு. பொம்பளைங்க வரட்டும், கயித்துக்கு அந்தப்பக்கம் நின்னு பன்னு விக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். அதனால் அவர்கள் கடல் வற்றும் நேரம் பார்த்து மணலில் ஆடினார்கள். சில நாள் ஆட்டம் முடிவதற்குள் கடல் வந்துவிடும்.

"அழுவாத ராசா," என்றாள் மெரேசெய்னி, மீனைத் திருப்பிப் போட்டபடி. "ஜெர்சிதான வேணும்? நான் கேட்டு வாங்கித் தர்றேன்."

"நீயா? எப்படி?"

"எங்க வுனிசெய் ஊருக்கும் உங்க நாகோரோவுக்கும் தவ்வு உறவு இருக்கில்ல? மறந்துட்டியா?"

அபிசாய் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவன் ஏன் இதை நினைக்கவில்லை! இரண்டு ஊரின் ஆதித் தெய்வங்கள் உடன்பிறப்பு என்றால், அந்த ஊர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் எவ்வளவு வேண்டுமானாலும் கேலி செய்யலாம். தலைவர், தொண்டர் என்ற பேச்சே இல்லை. தலையில் மாவைக் கொட்டலாம், பிடித்த பொருளைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போகலாம். பறிகொடுத்தவர் சிரிக்கத்தான் வேண்டும். கோபித்துக்கொண்டால் அவருக்குத்தான் அவமானம். அதற்குப் பெயர்தான் தவ்வு. இவர்கள் கல்யாணத்திலேயே மெரேசெய்னியின் அப்பா, "நாங்க உங்களுக்குத் தவ்வு!" என்று கூவிக்கொண்டு வெரெனிக்கி மாமாவின் கொழுத்த பன்றியை அவிழ்த்து ஓட்டிக்கொண்டு போனார். மாமா அன்றைக்குச் சிரித்த சிரிப்பை மாரடைப்பு என்று நினைத்து நர்ஸைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"கேட்டு மட்டும் வாங்கு மெரே. வேற எதுவும் செய்யாத."

"நான் என்ன செய்யப்போறேன்? நான் பன்னு விக்கிற பொம்பள."

வியாழக்கிழமை பயிற்சிக்குத் தொலைக்காட்சிக்காரர்கள் கேமராவோடு வந்துவிட்டார்கள். ராத்து பளபளவென்று இறங்கினார். அவருடைய அளவுக்கென்று தனியாகத் தைத்த பதினோராம் எண் ஜெர்சி. அதைத் தைத்தவர் மிச்சத் துணிக்குக் கூடாரக்காரரிடம்தான் போயிருக்க வேண்டும். ராத்து பந்தை வாங்கினார். ஓடினார். அணி மொத்தமும் குந்தியது. "திலோ... திலோ..." கேமரா திரும்பியது. ராத்து கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே ஓடினார்.

கயிற்றுக்கு அப்பால் பன் கூடையோடு நின்ற மெரேசெய்னி கையை வாயில் குவித்தாள்.

"ஏலே கினி! தொப்பைய வீட்டுல வெச்சிட்டு வர மாட்டியா? ரெண்டு பேரு சேர்ந்து ஓடறீங்களே, ஆட்ட விதிக்கு ஆகுமா?"

குந்தியிருந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். ராத்துவைக் 'கினி' என்று அவரைப் பெற்ற தாயாரே கூப்பிட்டதில்லை. ராத்துவின் ஓட்டம் நிற்கவில்லை. தன்னைத்தான் சொல்கிறாள் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை.

"ஆமை ஒண்ணு முட்டைபோட இடம் தேடுதுடீ!" என்றாள் மெரேசெய்னி, தன் அணிப் பெண்களைப் பார்த்து. பிறகு கூடையைக் கீழே வைத்தாள்.

கூடையை அவள் கீழே வைத்த விதத்தைப் பார்த்ததும் அபிசாய் குந்தியிருந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டான். மணலில் ஆட்டம் தொடங்கும் முன் அவள் செருப்பை அப்படித்தான் கழற்றி வைப்பாள். "மெரே! வேணாம்!" என்று கத்த வாயைத் திறந்தான். அதற்குள் அவள் கயிற்றைத் தாண்டிவிட்டாள்.

பாடப்புத்தகத்தில் போடவேண்டிய பிடி அது. தோள் இடுப்பில், கை தொடைக்குப் பின்னால், தலை பத்திரமாக ஓரத்தில். ராத்து கினிவிலியாமே பூமியை விட்டுக் கிளம்பினார். கொஞ்ச நேரம் ஆகாயத்தில் இருந்தார். அந்த நேரத்தில் அவர் முகத்தில் பயம்கூட இல்லை, வியப்புதான் இருந்தது. பிறகு முந்தின நாள் மழையில் ஊறியிருந்த சேற்றில் மூக்கு முதலாக வந்து சேர்ந்தார்.

தொலைக்காட்சிக்காரர் கேமராவை இன்னும் பக்கத்தில் கொண்டுபோனார்.

"யாரு..." என்றது சேறு. "யாரு என்னையத் தொட்டது?"

"நான்தான்! வுனிசெய் மெரேசெய்னி! உங்களுக்குத் தவ்வு!" என்றாள் அவள், மார்பைத் தட்டி. "எந்திரி தொப்பை!"

எல்லோரும் வெரெனிக்கியைப் பார்த்தார்கள். எந்த ஊருக்கு எந்த ஊர் என்ன உறவு என்பதைச் சபையில் சொல்லும் உரிமை அவருக்குத்தான். தவ்வு என்று அவர் சொன்னால் இது கேலி. இல்லை என்று சொன்னால் பெருங்குற்றம்; மெரேசெய்னியின் ஊர் மொத்தமும் மன்னிப்புக் காணிக்கையாகத் திமிங்கிலப் பல்லை ஏந்திக்கொண்டு ராத்து வீட்டு வாசலில் மண்டியிட வேண்டும், அபிசாயை ரக்பி மைதானத்தின் பக்கமே விடமாட்டார்கள், பிரான்ஸ் பிரான்ஸிலேயே இருக்கும்.

அபிசாய் மனைவியின் பக்கத்தில் ஓடிப்போய் நின்றான். "தவ்வுதானே? பயமில்லையே?"

மெரேசெய்னி உதட்டை அசைக்காமல் சொன்னாள்: "அபி, ஒரு விஷயம். அந்த உறவு எங்க ஊருக்கு இல்ல. பக்கத்து ஊருக்கு."

"என்னது?"

"அப்பா பன்னிக்காக அடிச்சு விட்டாரு. நாங்க அப்படியே பழக்கத்துல சொல்லிட்டு வர்றோம்."

அபிசாய் சட்டென்று திரும்பினான். மாமாவின் முகத்தைப் பார்த்தான். நிலைமை இன்னும் மோசம் என்று தெரிந்தது. ஏனென்றால் மாமாவுக்கும் தெரிந்திருந்தது. பன்றி போன நாளிலிருந்து அவர் தீவு தீவாக விசாரித்து, வுனிசெய்க்கும் நாகோரோவுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று உறுதி செய்து வைத்திருந்தார். தகுந்த சபை கூடட்டும், பன்றியைக் குட்டிகளோடு திருப்பிக் கேட்கிறேன் என்று காத்திருந்தார். சபை கூடிவிட்டது.

வெரெனிக்கி தொண்டையைக் கனைத்தார். சேற்றில் கிடக்கும் ராத்துவைப் பார்த்தார். கேமராவைப் பார்த்தார். சுவரில் ஒட்டியிருந்த 'இவரை யாரும் வீழ்த்த முடியாது!' சுவரொட்டியைப் பார்த்தார். கடைசியில் மருமகனைப் பார்த்தார். பன்றியை ஒரு தடவை மனதுக்குள் நினைத்துக்கொண்டிருக்க வேண்டும், கண் கலங்கியது.

"ஆதியில," என்று சபைக்குரலில் ஆரம்பித்தார், "ரெண்டு சாமி. அண்ணன் சுறா. தம்பி விலாங்கு. ஒரே படகுல கெழக்கேருந்து வந்தாங்க. நடுக்கடல்ல ஒரு துடுப்புக்குச் சண்டை. விலாங்கு அண்ணனோட இடுப்பைப் பிடிச்சு..." இங்கே நிறுத்தி, மெரேசெய்னியை முறைத்துவிட்டுத் தொடர்ந்தார். "...கவுத்து விட்டுருச்சு. சுறா நீந்தி வந்து சேர்ந்த எடம் நாகோரோ. விலாங்கு எறங்குன எடம் வுனிசெய். அதனால வுனிசெய்க்காரங்க நம்ம தலைவரக் கவுக்கறது கேலி மட்டுமில்ல. அது ஐதீகம்!"

அணி மொத்தமும் கை தட்டியது. இவ்வளவு புனிதமான விஷயம் இத்தனை நாள் தங்களுக்குத் தெரியாமல் போயிற்றே என்று சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"ஆனா தலை," என்றார், பயிற்சிக்கும் வந்திருந்த நடுவர் கவுண்டர். "தலையில பட்டிருக்கே?"

"தலையத் தொட்டது பூமி," என்றார் வெரெனிக்கி. "பூமி அவரோடது."

இனி ராத்து சிரித்தாக வேண்டும். அவர் எழுந்து உட்கார்ந்தார். பற்பசைக் குழாயின் கடைசிப் பற்பசை மாதிரி ஒரு "ஹா" வெளியே வந்தது. மூக்கைத் தடவிப் பார்த்தார். மறுபடியும் தடவினார். "கண்ணாடி கொண்டாங்க," என்றார். யாரோ மோட்டார் சைக்கிள் கண்ணாடியைக் கழற்றிக் கொண்டுவந்தார்கள்.

மூக்கு இடப்பக்கம் திரும்பியிருந்தது. நிதியமைச்சருடையதைவிட நன்றாகவே திரும்பியிருந்தது.

ராத்து வெகுநேரம் பார்த்தார். முகத்தை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். அப்புறம் வயிறு குலுங்க, சேறு தெறிக்க, உண்மையாகவே சிரித்தார். "பாரு வெரெனிக்கி! இப்பத்தான் மந்திரி மாதிரியே இருக்கு!"

"இருக்குல்ல?" என்றாள் மெரேசெய்னி. "சரி, அந்தச் சட்டையக் கழட்டு. எனக்குப் புடிச்சிருக்கு."

தவ்வு கேட்டால் மறுக்க முடியாது. பதினோராம் எண் கைமாறியது.

ஆனால் ஐதீகத்தை உண்டாக்குவது எளிது, நிறுத்துவதுதான் கஷ்டம் என்பது வெரெனிக்கிக்குச் சனிக்கிழமைதான் புரிந்தது. தொலைக்காட்சியில் செய்தியைப் பார்த்த வுனிசெய்க்காரர்கள், தாங்கள் நிஜமாகவே தவ்வு ஆகிவிட்டதைக் கொண்டாட, படகு படகாக வந்து இறங்கினார்கள். முன்னால் மெரேசெய்னியின் அப்பா, கையில் வெறும் சாக்கோடு.

மூக்கில் பிளாஸ்திரியும் முகத்தில் பெருமையுமாக ராத்து தம்முடைய கூடாரத்தில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பிரெஞ்சுக்காரர் கஸ்தான். ஆட்டம் தொடங்கியதும் ராத்துவின் தொப்பி போனது. பிறகு குளிர் கண்ணாடி. பிறகு செருப்பு. "ஏ கினி, ஒரு காலத் தூக்கு! இந்தக் காலு, அந்தக் காலு இல்ல!" ராத்து தூக்கினார். ஒவ்வொன்றுக்கும் சிரித்தார். நாற்காலி போனபோது சிரிப்பில் கொஞ்சம் சுருதி இறங்கியது.

களத்தில் அபிசாய் வேறு சங்கடத்தில் இருந்தான். அவனுடைய பழைய ஜெர்சியும் ராத்துவின் ஜெர்சிக்குத் துணியாகப் போய்விட்டதால், ராத்துவினுடையதையே போட்டிருந்தான். காற்று அடித்தால் அது பாய்மரம்போல உப்பி அவனை வேறு திசைக்குக் கொண்டுபோனது. முதல் பாதி முழுக்க அவன் பந்தைத் தேடினானா, தன்னையே ஜெர்சிக்குள் தேடினானா என்று சொல்ல முடியாது. ஆட்டம் முடியப் போகிறது. நியூசிலாந்து நான்கு புள்ளி முன்னால். அவன் இன்னும் ஒரு தடவைகூட உருப்படியாக ஓடவில்லை. கஸ்தான் கொட்டாவி விட்டதை அவன் கண்ணாலேயே பார்த்தான்.

அப்போதுதான் பந்து வந்தது.

வாங்கியதும் பறந்தான். ஒருவனை உள்பக்கம் ஏமாற்றினான், இன்னொருவனை வெளிப்பக்கம். கோட்டுக்குப் பக்கத்தில் மூன்றாமவன், செம்பட்டைத் தாடி வைத்த பெரிய ஆள், பாய்ந்து அவன் முதுகைக் கொத்தாகப் பிடித்தான். பிடித்தது ஜெர்சியை. உள்ளே அபிசாய் தனியாக இருந்தான். தலை குனிந்து, கையை உயர்த்தி, அப்படியே கீழ்வழியாக நழுவி, வெற்றுடம்போடு மூலைக்கொடியின் ஓரமாகப் பாய்ந்து கோட்டுக்கு அப்பால் பந்தை வைத்தான். செம்பட்டைத் தாடிக்காரன், வாழ்நாளெல்லாம் ரோமம் கத்தரித்தவன், ஆடு இல்லாத ரோமத்தைக் கையில் பிடித்துக்கொண்டு திகைத்து நின்றான்.

அபிசாய் எழுந்து கையை உயர்த்தினான். ஒரு கைதட்டல் இல்லை. திரும்பிப் பார்த்தான். மைதானம் முழுக்க மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. வுனிசெய்க்காரர்கள் கூடாரத்தைக் காலோடு பிடுங்கிக்கொண்டு படகை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்கள். துணிக்குள் சிக்கிய கஸ்தான் தனியொரு திசையில் ஓடிக்கொண்டிருந்தார். நடுவர் கவுண்டர் விசிலை வாயில் வைத்தபடி அதையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"பந்து வெச்சேன்!" என்று கத்தினான் அபிசாய். "கவுண்டரே! வெச்சேன்!"

கவுண்டர் திடுக்கிட்டுத் திரும்பினார். "எங்க வெச்ச? நான் பாக்கலியேப்பா. பாக்காம எப்படிக் குடுக்கிறது? இன்னைக்கு வெளிநாட்டுக்காரங்க வேற வந்திருக்காங்க."

அபிசாய்க்கு அழுகை வந்துவிட்டது. பிரான்ஸுக்குப் போகும் வழியை மாமனாரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டார்.

"வெச்சான்."

குரல் மூலைக்கொடியின் அடியிலிருந்து வந்தது. தொப்பி இல்லை, செருப்பு இல்லை, நாற்காலி இல்லை. நாற்காலி போனபிறகு உட்கார இடம் தேடி விளம்பரப் பலகையின் நிழலுக்கு வந்து, ராத்து கினிவிலியாமே புல்லில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். அத்தனை கூட்டத்தில் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது அவர் ஒருவர்தான். அவர் வேறு எந்தப் பக்கம் திரும்பினாலும் யாராவது எதையாவது தூக்கிக்கொண்டு போவது தெரிந்தது.

"நான் பாத்தேன். என் மூக்குக்கு நேரா வெச்சான்," என்றார். மூக்கு வேறு பக்கம் இருந்தாலும் எல்லோருக்கும் புரிந்தது. ஒரு வழக்கில் ராத்து தாமே வாய்திறந்து பேசியதை வெரெனிக்கி தம் ஆயுளில் அன்றைக்குத்தான் கேட்டார். கையைக் குவித்துத் தட்டினார். செம்பட்டைத் தாடிக்காரனும் ஜெர்சியை உயர்த்திக் காட்டித் தலையாட்டினான். விசில் ஒலித்தது; பந்து வைத்ததற்கு ஐந்து புள்ளி. நாகோரோ ஒரு புள்ளியில் ஜெயித்தது.

துணியிலிருந்து விடுபட்டு வந்த கஸ்தானுக்கு எதுவும் தெரியவில்லை. "என்ன நடந்துச்சு? நான் தவற விட்டுட்டேனே?"

அபிசாய் வாயைத் திறந்தான். ராத்து அவனை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தார். இந்த மனுஷர் இருபது வருடமாக ஒரே ஓர் ஆட்டக்காரரைப் பற்றித்தான் பேசியிருக்கிறார்.

"இப்படிப் பாருங்க துரை," என்றார் ராத்து. "இங்க வாங்கினான். இப்படிப் போனான்." வெறுங்காலோடு புல்லில் ஓடிக் காட்டினார். "இவன இப்படி ஏமாத்தினான்." இடுப்பை ஒடித்துக் காட்டினார். "அவன் பிடிக்கிறான், இவன் சட்டைக்குள்ள இல்ல!" என்று தம் சட்டையையும் உருவி எறிந்து, மூலைக்கொடியோரம் தொப்பையோடு பாய்ந்து விழுந்தும் காட்டினார். மூச்சு வாங்க எழுந்தார். "நான் எத்தனையோ தடவ இந்தக் கோட்டுக்கு வந்திருக்கேன். இதுதான் முதல் தடவ ஒருத்தன் இதுக்கு எப்படி வர்றதுன்னு பாக்கிறேன்."

கஸ்தான் அமைச்சரையும் பார்த்தார், அபிசாயையும் பார்த்தார். "ஒரு மந்திரியையே இப்படி உருள வெச்சவன விட்டுட்டுப் போனா என் முதலாளி என்னை உருட்டிடுவாரு," என்று சொல்லிக் கையை நீட்டினார்.

அதற்குள் மெரேசெய்னி ராத்து எறிந்த சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டிருந்தாள். "இதுவும் நல்லாத்தான் இருக்கு. இன்னும் ஒண்ணே ஒண்ணு கினி. மைதானத்துச் சாவி."

ராத்து சிரித்தார். வேறென்ன செய்வார்?

அடுத்த வாரத்திலிருந்து பெண்கள் அணி புல்லில் ஆடியது. முதல் ஆட்டத்துக்குக் கயிற்றுக்கு அப்பால் நின்று பன் விற்றவர், வுனிசெய்க்காரர்களின் கட்டளைப்படி, மாண்புமிகு விளையாட்டுத் துறை அமைச்சர். பன்னோடு அந்த மூக்கைப் பக்கவாட்டில் எடுத்த படம்தான் புதிய சுவரொட்டி. தேர்தலில் இதுவரை வாங்காத அளவுக்கு வாக்கு வாங்கினார்.

அபிசாய் விமானம் ஏறுகிற அன்று ஊரே வழியனுப்ப வந்தது. பெண்கள் போட்டி முடிந்ததும் மெரேசெய்னி பின்னால் வருவதாக ஏற்பாடு. ராத்து மாலையோடு வந்தார். மாலை அபிசாய் கழுத்துக்குப் போகும் முன்பே மாமனார் கழுத்துக்குப் போய்விட்டது.

கூட்டம் கலையும் நேரம் பார்த்து வெரெனிக்கி மெல்ல மெரேசெய்னியின் பக்கத்தில் வந்தார். "இந்தாம்மா. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த விலாங்கு கதைய நான்தான் கட்டினேன். இப்பவாவது அந்தப் பன்னியத் திருப்பிக் குடுக்கச் சொல்லு உங்கப்பாவ."

"என்ன மாமா இப்படிப் பேசறீங்க?" என்றாள் மெரேசெய்னி, அவர் கையிலிருந்த குடையை வாங்கி விரித்துக்கொண்டே. "நம்ம தவ்வு இல்லையா?"

வெரெனிக்கி சிரித்தார். விமான நிலையத்து நர்ஸ் ஓடிவந்தாள்.